வாசலில் நான் அறுக்கச் சொன்ன குழாய்

போன வருடம் ஆவணி மாதம், போத்தனூரில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. வளைகாப்பு முடிந்து மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாதம். ஒரு நாள் காலையில் துணி எடுக்க வாஷிங் மிஷினைத் தொட்டவள், "அம்மா!" என்று கத்திக்கொண்டு கையை உதறினாள். ஷாக் அடித்துவிட்டது. நல்லவேளை, காலில் செருப்பு இருந்தது.

உடனே தெருமுனைக் கடையிலிருந்து ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன். அவர் கூடத்தில் நின்றபடியே சுவிட்ச் போர்டைப் பார்த்தார். வீடு கட்டி எத்தனை வருடம் என்று கேட்டார். இருபது என்றேன்.

"பூரா ஒயரிங்கையும் மாத்தோணுங்க" என்று சொல்லிவிட்டார்.

சுவரையெல்லாம் உடைக்க வேண்டுமாம், பத்து நாள் ஆகுமாம். பிள்ளைத்தாய்ச்சியை அந்தத் தூசியில் எப்படி வைத்துக்கொள்வது? தாய்வீட்டுக்கு வந்தவளை வேறு எங்கே அனுப்புவது? ஆனால் மறுபடியும் அவள் அந்த மிஷினைத் தொட்டுவிட்டால்? உடைப்பதென்றே முடிவு செய்துவிட்டேன்.

என் தங்கைதான், இவரையும் ஒரு வார்த்தை கேள் என்று கோட்டைமேட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரீஷியன் பாயை அனுப்பினாள். எனக்குப் பொறுமை ஏது? அவர் பையைக் கீழே வைப்பதற்குள், "வேலையை உங்களுக்கே குடுத்தர்றனுங்க பாய், நாளைக்கே ஆரம்பிச்சுப் போடுங்க" என்றேன்.

"இருங்கக்கா, மொதல்ல பாத்துக்கறேன்."

எதையும் தொட வேண்டாம் என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஒவ்வொரு போர்டாகக் கழற்றி ஒயரை வளைத்து வளைத்துப் பார்த்தார். இரண்டு மணி நேரம்! பிறகு ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டி பிளக் துளைகளில் வைத்துச் சோதித்தார். ஓர் ஒயரை எர்த் துளையில் வைத்தபோது மட்டும், எரிய வேண்டிய பல்பு எரியவில்லை.

"ஏனுங்கக்கா, எர்த் குழி எங்க இருக்குதுங்க?"

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குவதற்குக் குழாய் புதைத்திருப்பார்களே, அந்தக் குழி. வாசலுக்குப் போய்க் காட்டினேன். அங்கே புது டைல்ஸ்தான் பளபளவென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வளைகாப்புக்காக டைல்ஸ் போட்டபோது, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. இது என்னங்க என்று கொத்தனார் கேட்டார். ஏதோ பழைய தண்ணீர்க் குழாய், அறுத்துப் போடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

"கொத்தனார் அறுத்துட்டாருங்க" என்றேன் பாயிடம். என்ன வாயோ! அதைக் கேட்டதும் மகளுக்கு வந்ததே கோபம். அந்த ஆளை நாலு கேள்வி கேட்கிறேன் என்று போனை எடுத்துவிட்டாள்.

"கண்ணு, போனை வையி. நாந்தான் அறுக்கச் சொன்னேன்."

அவள் போனைக் கீழே வைத்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவமானத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பாய் மட்டும் கடப்பாரை இருக்கிறதா என்று கேட்டார்.

இரண்டு டைல்ஸைப் பெயர்த்துக் குழி தோண்டி, புதுக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். இப்போது எர்த் துளையில் வைத்தபோதும் பல்பு எரிந்தது. மிஷினுக்குப் போகும் ஒயர் தோல் வெடித்திருந்ததால் அதை மட்டும் மாற்றினார். மனம் கேட்காமல், மீதி ஒயரையும் மாற்றிவிடுங்கள் என்றேன்.

"மத்ததெல்லாம் நல்லா இருக்குதுங்க. உங்க மன ஆறுதலுக்கு நான் செவுத்தை ஒடைக்கக் கூடாதுங்கக்கா. எர்த் இல்லாம வீடு பூரா புது ஒயர் போட்டிருந்தாலும், நாளைக்கு ஒரு கசிவு வந்தா மறுபடியும் ஷாக்தான் அடிச்சிருக்கும்" என்றார்.

இப்போது பேத்தி அந்த டைல்ஸ் மேலேதான் தவழ்கிறாள். அன்று கொத்தனாரிடம், 'எனக்குத் தெரியாதுங்க, கேட்டுச் சொல்றேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல், பெற்ற மகளையும் இந்தக் குழந்தையையும் பறிகொடுக்கப் பார்த்தேனே என்று நினைக்கும்போதெல்லாம், அவளை வாரி எடுத்துக்கொள்கிறேன்.