மதர் சொன்ன கடைசிப் பெயர்

மதரின் அறையில் இருந்த அந்தப் படம் இப்போது தஞ்சாவூரில் என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அயர்லாந்தில் மதர் பிறந்த பக்கத்துப் பெரிய மனிதர்கள் அதில் வரிசையாக நின்று முறைக்கிறார்கள். கண் தெரியாத யாழ்க்காரர், வேலியோரம் மறைவாகப் பள்ளிக்கூடம் நடத்திய வாத்தியார், குத்தகைக்காரர்களுக்காக, மதர் சொல்வதுபோல, ‘மிராசுதாரை’ எதிர்த்து நின்ற ஒரு பெண். நன்னிலம் பக்கம் கன்னியாஸ்திரியான மதர் நடத்திய எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்த பெண்களுக்கு இவர்கள் எல்லாரும் புனிதர்கள். யாழ்க்காரருக்குத்தான் மவுசு அதிகம். சுகப்பிரசவம் ஆனால் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், சிலர் மல்லிகைச் சரமும் சாத்துவார்கள்.

“அவரு சாமி இல்லம்மா, பெரிய குடிகாரரு” என்று மதர் தலையில் அடித்துக்கொள்வார்.

“இருந்துட்டுப் போறாரு மதர். கேட்டதைக் குடுக்குறாருல்ல?”

மதருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வார்டு வேலை முடிந்ததும், அவரிடம் நர்ஸாக இருந்த என்னை உட்காரவைத்து அவர்கள் கதைகளைச் சொல்வார். அந்தப் பெயர்கள் என் வாயில் நுழையாது. நான் கடித்துத் துப்புவதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அவ்வளவு பிரியமாக என்னைக் கேலி செய்தவர்கள் வேறு யாரும் இல்லை.

வயதானதும் மதருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. முதலில் தமிழ் போனது, பிறகு ஆங்கிலம். சின்ன வயதில் வீட்டில் பேசிய ஐரிஷ் மட்டும் மிஞ்சியது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. இத்தனை பேர் சுற்றியிருந்தும் மதர் தனியாகச் செத்துவிடக் கூடாதே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஐரிஷ் அந்தப் பெயர்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்வேன். யாழ்க்காரர் பெயர் வந்தால் மதரின் விரல்கள் லேசாக அசையும்.

கடைசி வாரம் அவரே ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “ஆஸ்கில் அன் தோரஸ்.” படத்தில் தேடினேன், அப்படி ஒருவரும் இல்லை. படம் போட்டவர்கள் யாரோ ஒரு பெரிய மனிதரை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“ஆமா மதர், ஆஸ்கில் பெரிய ஆளுதான். எனக்குத் தெரியாதா?” என்று கையைத் தடவிக் கொடுத்தேன். மதர் அழுதார். ஊர் நினைப்பு வந்துவிட்டது என்று நானும் கூட அழுதேன். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் போனார்.

அடக்கம் முடிந்து சில மாதங்கள் கழித்து, மதரின் அண்ணன் மகள் கல்லறையைப் பார்க்க அயர்லாந்திலிருந்து வந்தாள். மதரின் அறைக்குக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினேன். ஒவ்வொருவரையும் அடையாளம் சொன்னாள். இதில் இல்லாத அந்த ஆஸ்கில் அன் தோரஸ் யார் என்று கேட்டேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அப்படியே மதரின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அது ஆள் பெயரே இல்லையாம். ‘கதவைத் திற’ என்று அர்த்தமாம்.

மதரின் கடைசி வாரம் குறுவை நடவு சமயம். வயல் தண்ணீரிலிருந்து கொசு வந்து மதரைக் கடிக்கும் என்று, அந்த வாரம் முழுக்க அறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தோம்.