டிரில் சார் ஊதிய கணக்கு

உடற்பயிற்சி ஆசிரியர் பதினோராம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கக் கூடாது. கல்வி அலுவலகத்திலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விதியைச் சொல்வேன். எடுத்தவருக்கு ஒரு குறிப்பாணை, எடுக்கச் சொன்ன தலைமை ஆசிரியருக்கு ஒரு குறிப்பாணை. அப்படிச் சிலவற்றை நானே தயாரித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எங்கள் டிரில் சார் நினைவுக்கு வந்து என்னைக் குழப்பிவிட்டுப் போவார்.

அறுபதுகளின் கடைசி. கடத்தூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளி. நாங்கள் பதினோராம் வகுப்பில் பொதுத் தேர்வு எழுத வேண்டிய வருடம் பார்த்துக் கணக்கு வாத்தியார் ஜூன் மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு சேலம் போய்விட்டார். அந்தக் காலியிடத்துக்கு வர யாரும் துடிக்கவில்லை. கணக்கில் கோட்டை விட்டால் படிப்பு அத்தோடு சரி, கடலைக்காட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்குக் கடலைக்காடு பிடிக்காது. கணக்கும் வராது.

தலைமை ஆசிரியர் டிரில் சாரை அனுப்பினார். அவர் கழுத்தில் விசிலோடு வந்து, கரும்பலகைக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து நின்றார்.

"எவனாச்சும் வந்து ஒரு கணக்கப் போடுங்கடா."

சாக்பீஸை அவர் தொட்டதே இல்லை. கை அரிக்குமாம். மைதானத்தில் தினமும் வெறுங்கையால் சுண்ணாம்புக்கோடு போடுகிறவர் அவர். பலகையில் தப்பு விழுந்ததும் விசில் ஊதுவார். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார்.

"நீங்களே தேடுங்கடா. நான் தேடித் தந்தா பரீட்சைக்கும் நானா வருவேன்?"

வகுப்பே சண்டை போட்டுத் தேடும். ஒரு வழியாகக் கண்டுபிடிப்போம். தப்பு அங்கே இருக்கும். இப்படி ஒரு மேதையை மைதானத்தில் வெயிலில் காய விட்டார்களே என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவர் பலகையைத் திரும்பியே பார்ப்பதில்லையே! கவனித்தேன். முதல் பெஞ்சில் ஜவுளிக்கடைக்காரர் மகள் உட்கார்ந்திருப்பாள். வகுப்பில் கணக்கு வருகிற ஒரே ஆள் அவள்தான். அவள் புருவம் சுருங்கும், உடனே விசில் ஒலிக்கும். பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன்.

"டேய், அவருக்குக் கணக்கே தெரியாதுடா. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துத்தான் ஊதறாரு."

"உனக்கு மட்டும் தெரியுமாக்கும்? பேசாம ஒக்காருடா. ஊதறாரில்ல, அது போதும்."

அடுத்த மாதம் அக்கா கல்யாணத்துக்காக அந்தப் பெண் ஒரு வாரம் வரவில்லை. சாயம் வெளுக்கப்போகிறது என்று காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவன் போய்க் கணக்குப் போட்டான். பாதியில் விசில். தேடினோம். தப்பு இருந்தது.

டிரில் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முகத்துக்கு எப்போதிலிருந்து கணக்கு வர ஆரம்பித்தது? மறுநாள் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். வேறொருவன், வீட்டில் போட்டுப் பார்த்திருந்த கணக்கைப் பலகையில் சரியாகவே போட்டுக்கொண்டிருந்தான். நடுவில் நான் முகத்தைப் பலமாகச் சுளித்தேன். விசில் வாய்க்குப் போகவில்லை.

"என்னடா, வயித்த வலிக்குதா? வெளிய போய்ட்டு வா."

வகுப்பு சிரித்து முடிக்கும் வரை நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். அப்படியானால் அவருக்குக் கணக்கு தெரியுமா? தெரிந்தால் ஏன் பலகையைப் பார்ப்பதில்லை? பார்க்காமலே எப்படித் தெரிந்தது? ஒன்றும் விளங்கவில்லை. அன்று முதல் அவரை நம்புவதை விட்டுவிட்டு, அவர் ஊதுவதற்கு முன்பே ஒவ்வொரு வரியையும் நானே சரிபார்க்க ஆரம்பித்தேன். வேறு வழி?

பரீட்சை முடிவு வந்ததும் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் புத்தகம் வாங்கப் பள்ளிக்குப் போனேன். கணக்கில் தேறியிருந்தேன். வராந்தாவில் ஜவுளிக்கடைக்காரர் மகள் அவள் அப்பாவுக்காகக் காத்திருந்தாள். அதுவரை நான் அவளிடம் பேசியதில்லை. தேறிய தைரியத்தில் ரகசியத்தைச் சொன்னேன்.

"உன் மூஞ்சியப் பாத்துத்தான் அவரு விசில் ஊதுவாரு. தெரியுமா?"

அவள் விழித்தாள். "என் மூஞ்சியவா? நான் அவரத்தான பாத்துக்கிட்டிருப்பேன். அவரு கை விசில்கிட்டப் போனா, எங்கியோ தப்பு இருக்குதுன்னு தேட ஆரம்பிப்பேன்."

இரண்டு மனுக்கள், ஒவ்வொன்றும் மற்றதைச் சாட்சிக்கு அழைக்கிறது. பிற்காலத்தில் இப்படிப்பட்ட கோப்புகளை 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று முடித்துவைக்கக் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு அது தெரியாததால் நேராக மைதானத்துக்குப் போனேன். டிரில் சார் குனிந்து கபடிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், கணக்குல பாஸுங்க."

நிமிர்ந்தார். "நீயா? கணக்குலயா?"

"ஆமாங்க சார்."

சுண்ணாம்புக் கையை உதறிவிட்டுப் புத்தகத்தை வாங்கி, மதிப்பெண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் பட்ட இடத்தில் வெள்ளையாகக் கறை விழுந்தது.

"எப்பிடிடா?" என்றார்.

கேலியாகத் தெரியவில்லை. நான் பதில் சொல்வேன் என்று நின்றுகொண்டிருந்தார்.