பாலத்துக்குக் கீழே ஒரு வழி

சிரஞ்சீவிக்கு எதுவும் லேசில் பிடிக்காது. சத்தியவேட்டு பிரியாணியில் உப்பில்லை, சென்னை பஸ்ஸில் காற்றில்லை, தொழிற்சாலை சூப்பர்வைசருக்கு மூளையில்லை. பெண் பார்க்க வந்த அன்று தன்னை மட்டும் எப்படிக் குறை சொல்லாமல் விட்டான் என்று அவன் மனைவி சிவசங்கரிக்கு இன்றுவரை ஆச்சரியம். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் அந்த மனுஷன் மனசாரப் பாராட்டியது இரண்டைத்தான். ஒன்று, இஷ்டத்துக்கு ஊர் சுற்றவிடும் வீடியோ கேம். இன்னொன்று, அதைப் பற்றிப் பேசக் கிடைத்த பிரவீன்.

சித்தூரில் ஐ.டி.ஐ. படித்தபோது விடுதியின் பின்சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் குனிந்து நுழைந்து இருவரும் பிரவுசிங் சென்டருக்கு ஓடுவார்கள். அங்கே ஒரு ராஜகுமாரன் நாட்டை மீட்கும் கேம். ஒரே கேம்தான், ஆனால் சிரஞ்சீவி காட்டுக்குள் புகுந்தால் பிரவீன் ஆற்றைக் கடப்பான். திரும்பி வரும் வழியெல்லாம் இவன் பார்த்ததை அவனுக்கும் அவன் பார்த்ததை இவனுக்கும் சொல்லி மாளாது.

பிறகு பிரவீன் ஒரு வீட்டுக்கு டிரைவராகக் குவைத் போனான். அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு, அன்று போன் வரும். சம்பளம், வெயில், முதலாளி என்று எதையும் பேசமாட்டார்கள். "நீ எந்தப் பக்கமா போனே?" என்பதுதான் முதல் கேள்வி. ஆறு வருஷமாக அந்தச் சிநேகம் இந்த ஒரு கேள்வியில்தான் ஓடியது. அது இல்லாவிட்டால் பேச வேறொன்றும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தக் கேமின் புதிய பாகம் வந்ததும் பிரவீன் இரண்டு டிஸ்க் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். அந்த நேரம் பார்த்து சிரஞ்சீவியின் இடது கை உடைந்திருந்தது. புத்தூர் எலும்பு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்து, பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவிக் கட்டியிருந்தார்கள். ஒற்றைக் கையால் எப்படி ஆடுவது என்று அவன் கவலைப்பட்டான்.

வீண் கவலை. அந்தக் கேமுக்கு ஒரு கையே அதிகம். ஒரு கட்டைவிரலால் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தால் போதும். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பாறை, நடுவில் ஒரு சந்து. முழங்கால் உயர வேலியைத் தாண்ட முடியாமல் நாட்டை மீட்க வந்த மகாவீரன் முட்டிக்கொண்டு நின்றான். பத்தடிக்கு ஒருமுறை ஒரு தாடிக்காரக் கிழவன் வழிமறித்து, குதிப்பது எப்படி என்று பாடம் எடுத்தான். குதித்துக் காட்டினால் அழுதான். அவன் அழுது முடிப்பதற்குள் சிரஞ்சீவி எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தான், வீரன் அதே இடத்தில் வாயைப் பிளந்து நின்றான். கேமில் முதல் சண்டை வருவதற்குள் இரண்டு வெள்ளிக்கிழமை போய்விட்டது. இதைச் செய்தவர்களுக்குச் சம்பளம் வேறு கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கவே அவனுக்கு வயிறு எரிந்தது.

அதைவிடக் கொடுமை, போனில் பேச்சு செத்தது. கேமில் எங்கே இருக்கிறாய் என்று பிரவீன் கேட்டால், பாலத்தில் என்பான் இவன். நானும் அங்கேதான் என்பான் பிரவீன். கிழவன் அழுதானா? அழுதான். அவ்வளவுதான். எல்லாரும் ஒரே சந்தில் போனால் எதைச் சொல்வது? கால் மணி நேரத்துக்குள் போனை வைத்துவிடுவார்கள். பிரவீன் மட்டும், இன்னும் கொஞ்சம் போனால் நன்றாக இருக்கும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதுவும் சிரஞ்சீவிக்கு எரிச்சல்தான்.

கேம் முடிந்த வெள்ளிக்கிழமை அவன் கொட்டித் தீர்த்துவிட்டான். "துப்பு கெட்ட கேம்டா இது. இப்படி ஒரே சந்துல போய்க்கினு வந்துக்கினு இருக்கறவன் மனுசனா? செக்குமாடு."

"வீடு, ஸ்கூலு, மார்க்கெட்டு, மறுபடி வீடு. ஆறு வருசமா நான் அதுலதான்டா ஓட்டிக்கினு இருக்கேன்," என்று சொல்லிப் பிரவீன் போனை வைத்துவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை.

உலகத்தையே ஏளனம் செய்தவனுக்கு முதல்முறையாகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வாரம் முழுக்க அந்தக் கேவலமான கேமை மறுபடி போட்டான். ஒவ்வொரு பாறையாக, ஒவ்வொரு வேலியாக வீரனை முட்டவிட்டான். ஒரே ஒரு கிளைவழி அகப்பட்டால் போதும், அதைச் சொல்லிக் கூப்பிடலாம். அகப்படவில்லை. கிழவன் மட்டும் சலிக்காமல் அழுதான்.

மறு வெள்ளிக்கிழமை அவனே போன் போட்டான். ஹலோகூடச் சொல்லவில்லை.

"பாலத்துக்குக் கீழ ஒரு வழி இருக்குதுடா. செவுத்துல ஓட்டை. நான்தான் பாக்காம போயிட்டேன்."

அப்படியா என்று மட்டும் பிரவீன் கேட்டான். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தான்.

அந்த வாரம் புத்தூரில் கட்டுப் பிரித்தார்கள். வைத்தியர் போட்ட கட்டு சரியில்லை என்று குறை சொல்லக்கூட சிரஞ்சீவிக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லியாகிவிட்டது. பிரவீன் தேடுவான், ஒன்றும் இருக்காது, அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினான்.

வெள்ளிக்கிழமை போன் அடித்தது.

"கண்டுபுடிச்சேன்டா," என்றான் பிரவீன். "குனிஞ்சுக்கினுதான் போவணும்."

அந்தப் பாலத்துக்குக் கீழே வெறும் பாறை. சிரஞ்சீவி முட்டிப் பார்த்த பாறை, பிரவீனும் முட்டிப் பார்த்திருப்பான்.

"வெளிய போயி," என்று சிரஞ்சீவி கேட்டான், "எந்தப் பக்கமா போனே?"

பிரவீன் சொல்ல ஆரம்பித்தான். டீ ஆறிவிட்டது என்று சிவசங்கரி வந்து சொன்னபோதும் அவன் சொல்லி முடித்திருக்கவில்லை.