கொடிக்கயிற்றுக்கு அந்தப் பக்கம்

மகளைக் கூட்டிவரத்தான் நான் முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடத்துப் படலையைத் திறந்தேன். நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த நேசரி அது. அங்குள்ள குட்டிக் கதிரையில் ஒருநாள் உட்கார்ந்துவிட்டு எழும்ப, கதிரையும் என்னோடு எழும்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். படிப்பு தொடர்பாக எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அந்த நேசரிக்கு ஒரு பிள்ளை முகத்தில் கொப்புளங்களோடு வந்தது. கொப்புளிப்பான். அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் நாங்கள் சொல்வோம். பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ரீச்சருக்கு மனம் வரவில்லை.

"வந்த அம்மாளை வாசலால திருப்பி அனுப்பவா சொல்லுறீங்க?" என்று பிறகு என்னிடம் கேட்டார்.

பிள்ளையைச் சாமிப் படத்துக்குக் கீழே பாய் போட்டு, வேப்பிலை வைத்து, தனியே இருத்தியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் வரிசையில் நின்று கும்பிட்டிருக்கிறார்கள். என் மகள் தன் இடியப்பத்தில் பாதியை அம்மாளுக்கு ஊட்டிவிட்டு மீதியைத் தானே தின்றிருக்கிறாள். பக்தியில் அவள் என்னைப் போல. சோறு போடும் கோயிலுக்குத்தான் நானும் போவேன்.

இரண்டு கிழமை கழித்து மகளின் முதுகில் கொப்புளம். மனைவி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். மிட்வைஃப் வந்து முற்றத்திலேயே நின்று கேட்டார்.

"சின்னதில உங்களுக்கு இது வந்ததா தங்கச்சி?"

"இல்ல மிஸ்."

"அப்ப பிள்ளைக்குக் கிட்டப் போகாதீங்க. வயித்துக்குள்ள இரிக்கிற பிள்ளைக்கும் கூடாது. போய் இருக்க வேற வீடு இரிக்கா?"

கொக்கட்டிச்சோலையில் அவளுடைய அக்கா வீடு இருந்தது. ஆனால் அம்மாள் வந்த வீட்டுக்காரர், நோய் ஆறித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை அடுத்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அக்கா போனில் அழுதாள். "வராத தங்கச்சி. எனக்கும் புள்ளைகள் இரிக்கிதுகள்." அவள் சொன்னதில் பிழையில்லை. ரீச்சர் செய்யாததை அவள் செய்தாள்.

வீடு மனைவியின் சீதனம். நான் அதில் வந்து ஒட்டிக்கொண்டவன். வீட்டுக்காரி தன் பாயைத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் அந்தப் பக்கம் தனியாக இருந்த சமையல் குசினிக்குப் போனாள். ஒட்டிக்கொண்டவன் திண்ணையில் கல்லடுப்பு வைத்துக்கொண்டு மகளோடு வீட்டுக்குள் இருந்தேன். சிறுவயதில் எனக்கு அது வந்து, முகத்தை நண்டு வளை தோண்டிய சேறுபோல ஆக்கிவிட்டுப் போயிருந்தது. ஒருமுறை வந்தவனுக்குத் திரும்ப வராது. வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த முகத்தால் ஒரு வேலை கிடைத்தது.

முற்றத்தின் நடுவே உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிறு. "இதுக்கு அங்கால போகப்படாது" என்றேன் மகளிடம்.

"ஏன்ப்பா?"

"அம்மாக்கும் வந்தா ரெண்டு பேருக்குக் கஞ்சி காச்ச எனக்குத் தெரியாது."

குசினியிலிருந்து குரல் வந்தது. "ஒராளுக்கே தெரியாது. அடிப்பிடிச்ச மணம் இஞ்ச வரைக்கும் வருது."

மகள் சிரித்தாள். ஒரு பின்னேரம் காய்ச்சல் கூடியபோது அவள் கயிறுவரை ஓடினாள். மனைவி குசினி வாசலுக்கு வந்து, பிறகு பின்னால் நகர்ந்தாள்.

"போ மகள். அம்மாட்ட வராத."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

மகளுக்குத் தண்ணீர் வார்த்த கிழமையே மனைவியின் கழுத்தில் முதல் கொப்புளம் வந்தது. ஆசுபத்திரியில் தனியாக வைத்தார்கள். மகன் அங்கே உடம்பெல்லாம் கொப்புளங்களோடு பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். பார்க்க உள்ளே விடவில்லை. வாசலில் நின்ற காவலாளி என் முகத்தைப் பார்த்து ஓர் அடி தள்ளி நின்றான்.

"இது பழசு தம்பி" என்றேன்.

மகன் தப்பினான். தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்த ஓட்டோ குசினிப் பக்கத்துப் படலையால் வந்தது. மனைவி பிள்ளையோடு இறங்கி, மற்றக் கையை மகளிடம் நீட்டினாள்.

மகள் ஓடிவந்து கயிற்றடியில் நின்றுவிட்டாள்.

"வா மகள்."

அவள் என்னைப் பார்த்தாள். "போ" என்றேன். போகவில்லை. நான் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டேன்.

கயிறு இருந்த இடத்துக்கு இந்தப் பக்கமே நின்றாள்.