பயன்பாட்டில் இல்லாத கடல்

கடல் திட்டக் கூட்டம் முடிந்து தாம்பரம் திரும்பும் பேருந்தில் என் மடியில் வரைபடம் விரிந்திருக்கிறது. கப்பல் பாதைக்கு ஊதா, ஆமைகளுக்குப் பச்சை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பக்கத்து இருக்கையில் பையோடு ஒரு மீனவர். கரையிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்களாம். இப்போது பஸ் ஏறித்தான் கடலுக்குப் போகிறார்.

"கரை எங்க சார்?"

காட்டுகிறேன். ஊதாவும் பச்சையும் எதற்கென்றும் சொல்கிறேன்.

"கோயில் கோபுரமும் லைட் அவுசும் ஒரே நேரா தெரிஞ்சா, அதான் நாங்க வலை போடுற எடம்." அவர் விரல் கரையிலிருந்து நகர்ந்து மஞ்சள் கட்டத்தில் நிற்கிறது. "ஆமைக்கு வுட்டது நல்லது சார். இங்க இன்னா எழுதிக்கீது?"

"பயன்பாட்டில் இல்லாத பகுதி. காற்றாலைக்கு ஒதுக்கலாம்."

அவர் பையைத் திறக்கிறார். உள்ளே சங்கரா மீன்கள், ஈரம் காயாமல்.

"அப்ப காலைல இத்த எங்க சார் புடிச்சேன்?"