அவிழ்க்காத சிவப்புத் துணி

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலச் சட்டம் இருந்த வருடங்கள் அவை. லுக்குட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருந்துகொண்டு, பட்டணத்து ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக வேலை பார்த்தேன். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. மாலை ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிட்டால் யாராக இருந்தாலும் வெளியேதான். கணவரை இழந்த எனக்கு மூன்று வயதில் ஒரு மகள்.

எங்கள் வார்டில் புற்றுநோய் வந்த பெண்களுக்கு ரேடியம் ஊசி வைப்பார்கள். நூல் கோத்த சின்ன ஊசி. சில நாள் உடம்புக்குள் இருந்து கட்டியைக் கரைக்கும். அதே ஊசி தவறி வெளியே கிடந்தால் நல்ல உடம்பையும் புண்ணாக்கிவிடும். அதனால் அந்தக் கட்டில்களின் குப்பை வாளியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். ஊசிகளை எடுத்து, எண்ணி, ஈயப் பெட்டியில் பூட்டிய பிறகுதான் சிஸ்டர் துணியை அவிழ்ப்பார். அதற்கு முன் வாளி வெளியே போகக்கூடாது என்று சுவரில் தமிழிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள் நான். குப்பை எரிக்கும் அண்ணனுக்கு எழுத்தே தெரியாது. "அதுல என்ன எழுதியிருக்கு, படிங்க பாப்போம்" என்று சீண்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அப்படி ஒரு திமிர் எனக்கு!

அன்று மகளுக்குக் கடுமையான காய்ச்சல். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். மனசெல்லாம் அங்கேதான். சிஸ்டர் ஊசிகளை எடுத்துக்கொண்டிருக்கும்போதே வாளியைத் தூக்கிக்கொண்டு போய் எரிக்கும் இடத்தில் வைத்துவிட்டு, நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

வாசலைக்கூடத் தாண்டவில்லை, வார்டில் ஒரே கூச்சல். ஒரு ஊசி குறைகிறது! பின்பக்கம் ஓடினேன். அங்கே புகை எழும்பிக்கொண்டிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு. ஊசி நெருப்பில் வெடித்தால் அந்த விஷம் எல்லார் நெஞ்சுக்குள்ளும் போகும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆனால் எரிந்தது வேறு குப்பை. என் வாளி தூரத்தில், மூடி போட்டு, மூடிமேல் கல்லோடு தனியாக நின்றது. பக்கத்தில் நாய் வராமல் அண்ணன் காவல் நின்றார்.

"துணி அவுக்கலையே தங்கச்சி. அவுக்காததை நான் எப்படி எரிப்பேன்?"

ரேடியக் கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் கருவியோடு ஒருவர் வந்தார். வாளிக்கு அருகில் போனதும் அது படபடவென்று சத்தம் போட்டது. பஞ்சில் ஒட்டியிருந்த ஊசியை நீளமான இடுக்கியால் எடுத்து ஈயப் பெட்டியில் போட்டார்.

"யார் இதைத் தூக்கி வந்தது?" என்று நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் வந்து சீறினார். வேலை போனால் மகளும் நானும் என்ன செய்வோம்?

"நான்தாம்மா. தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார் அண்ணன்.

படிக்காத முட்டாள் என்று மேட்ரன் திட்டித் தீர்த்தார். அவர் தலைகுனிந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மேட்ரன் போனதும் அவர் சொன்னது, "ஓடுலா தங்கச்சி, அடுத்த பஸ்ஸும் போயிரும். கேட்ட மூடிட்டா புள்ள அழும்."

பஸ் கிடைத்தது. கேட் மூடுமுன் மகளிடம் போய்விட்டேன், காய்ச்சலும் தணிந்திருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக மேட்ரனிடம் உண்மையைச் சொன்னேன். நல்ல ஏச்சு வாங்கினேன், வேலை மட்டும் தப்பியது. அண்ணன்தான் வருத்தப்பட்டார்: "ஏன் சொன்னே? எனக்கு ஏச்சு பழகினதுதானே."

சுவரில் இருந்ததைப் படிக்கத் தெரிந்த நான் அதை மீறினேன். ஒரு எழுத்தும் தெரியாதவர் காப்பாற்றினார். அவரை முட்டாள் என்றபோது பக்கத்தில் நான் பேசாமல் நின்றேனே, அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் கூசுகிறது.