'வி' போட்ட பெயர்கள்

தெருவில் அவளைப் புரட்டக்கா என்பார்கள். பொய் புரட்டுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட்டு, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்வது அவள் தொழில். ஆறு மாதப் பயிற்சி, இருபத்திரண்டு வருட அனுபவம். ஒரு வீடு நல்லவிதமாகச் சொன்னால்தான் அடுத்த வீட்டில் வேலை.

அன்று காலை டீச்சரம்மா போன் செய்தார். அவர் கணவரைக் கடைசிப் பதினான்கு மாதம் பார்த்துக்கொண்டவள் புரட்டக்காதான். அவர் சொல்லித்தான் அவருடைய அக்கா வீட்டில் திங்கட்கிழமை முதல் வேலைக்குப் பேசியிருந்தது.

"உங்க வீட்டுலேருந்து ஒரு பொண்ணு பேசினா," என்றார் டீச்சரம்மா. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "சார் எப்படி இருக்காருன்னு விசாரிச்சா. சத்துப் பவுடர் ரெண்டு ஸ்பூன் கலக்கிக் குடுத்தா மூணு மாசத்துல எழுந்து நடப்பாராம். அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நடந்து வந்தா யார் கதவைத் திறக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

புரட்டக்கா வாய் திறக்குமுன், "திங்கட்கிழமை விஷயத்தை அக்காகிட்ட பேசிட்டுச் சொல்றேன்," என்று போனை வைத்துவிட்டார்.

தம்பி பெண்டாட்டி கூடத்தில் பவுடர் டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே விற்கும் வியாபாரம் என்று சேர்ந்து இரண்டு மாதம். தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுது என்று கம்பெனிக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். சித்தி, பெரியம்மா, எதிர்வீடு என்று எழுதிப் பார்த்தாள், பதினெட்டோடு நின்றுவிட்டது. சித்தப்பா அவளைத் தூரத்தில் கண்டாலே தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

"நான் பார்த்த நோயாளிங்க பேரெல்லாம் எழுதி வச்ச நோட்டை எடுத்தியா?" என்றாள் புரட்டக்கா.

"மேஜை மேலதானே அண்ணி கிடந்தது? எல்லாரையும் தொந்தரவு பண்ணல. 'வி' போட்டவங்களை மட்டும்தான் கூப்பிட்டேன்."

"'வி'ன்னா என்ன?"

"விருப்பம். எங்க லிஸ்ட்ல அப்படித்தான் போடுவோம். 'வி'ன்னா விருப்பம், 'யோ'ன்னா யோசிக்கிறார், 'வே'ன்னா வேண்டாம். நமக்காக அண்ணியே ஆள் பார்த்துக் குறிச்சு வச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

புரட்டக்காவுக்குக் காது மடல் சுட்டது. செத்தார் என்று எழுதினால், வேலை செய்யும் வீட்டில் யாராவது எட்டிப் பார்த்து மிரளுவார்கள். அதற்காக அவள் வைத்துக்கொண்ட எழுத்து அது.

"விடைபெற்றார்டி அது. உயிரோட இருக்கிறவங்க அத்தனை பேரையும் விட்டுட்டு, செத்தவங்களாப் பொறுக்கி எடுத்துத் தெம்புக்குப் பவுடர் வித்திருக்க. எத்தனை வீடு?"

"ஒன்பது." அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "ஒரு அம்மா அழுதாங்க அண்ணி. நான் சந்தோஷத்துலன்னு நினைச்சேன்."

நோயாளிகள் புரட்டக்காவை அறைந்திருக்கிறார்கள், மேலே துப்பியிருக்கிறார்கள். அதெல்லாம் நோய் செய்வது என்று துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். இவளுக்கு ஒரு நோயும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"செருப்பை மாட்டு. ஒன்பது வீட்டுக்கும் போறோம்."

"போன்லயே சாரி சொல்லிடறேனே?"

"போன்ல நீ பேசின அழகைத்தான் கேட்டேனே. கிளம்பு."

டீச்சரம்மா வீடு இரண்டு தெரு தள்ளி. புரட்டக்காவின் நடைக்கு ஈடுகொடுக்க இளையவள் ஓட வேண்டியிருந்தது. கதவைத் திறந்த டீச்சரம்மா உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே தம்பி பெண்டாட்டி, எழுத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

டீச்சரம்மா அவளைப் பார்க்கவே இல்லை. "நோட்டு எங்கே இருந்தது?" என்று புரட்டக்காவைக் கேட்டார்.

"மேஜை மேல."

"அதுல என்னெல்லாம் எழுதியிருக்கீங்க?"

"பேரு, விலாசம், போன் நம்பர், என்ன வியாதி, எங்கெங்க புண்ணு…"

"அவர் சட்டையில்லாம டாக்டர் முன்னாடி நிக்கவே கூச்சப்படுவார். அவர் உடம்பு பூரா எழுதி, போறவங்க வர்றவங்க புரட்டிப் பார்க்கிற மாதிரிப் போட்டு வச்சிருக்கீங்க. இந்தப் பொண்ணு தெரியாம பண்ணிட்டா. உங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்களே?"

குடுத்தார்கள். முதல் வாரமே குடுத்தார்கள். நோயாளியின் விவரம் பூட்டுக்குள் இருக்க வேண்டும். புரட்டக்கா கையிலிருந்த நோட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அக்காவுக்கு வேற ஆள் பார்த்துக்கறோம்," என்று டீச்சரம்மா கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல்தான் சாத்தினார்.

தெருவுக்கு வந்ததும் இளையவள், "இவ்வளவு தூரம் வந்து மன்னிப்பு கேட்டும் அந்தம்மாவுக்கு எவ்வளவு திமிரு பாருங்க அண்ணி," என்றாள்.

"வாயை மூடு. அவங்க சொன்னதுல எது பொய்?"

கோபம் இறங்கவில்லை, இரண்டாகப் பிரிந்து பாதி தன் பக்கமே திரும்பியிருந்தது. அந்தப் பாதிதான் கனமாக இருந்தது. புரட்டக்கா நோட்டைப் பிரித்து அடுத்த முகவரியைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுல நீ பின்னால நில்லு," என்றாள். "முதல்ல நான் பேசணும்."